மீன்வாய்

காலமை ஐந்து மணிக்கு அண்ணையின் குரல் வரும்,
ஓட்டல் குசினி கழுவி முடித்த களைப்போடு.
மாங்குளம் சந்தியில் வான் வர முன்னம் கேட்பேன்:

"விடிய ஒண்டு. பதினொரு மணிக்குப் பிறகு மூண்டு.
தெற்குப் பார்த்த சரிவெல்லாம் நனைஞ்சு போச்சு.
நான் மேலை போகேல்லை, பயப்பிடாதை."

ஐந்து வரை போகுமாம் அந்த இலக்கம்.
ஐந்து என்றால் ஊரையே எழுப்புவார்களாம்.
ஆனால் கனபேர் சாவது மூன்றில்தானாம்.
மூன்று பழகிவிடும்.

அம்பகாமத்துக் காட்டில் எங்களுக்கு இலக்கம் இல்லை.
வெள்ளைத் தடி, சிவப்புத் தடி.
இரண்டுக்கும் நடுவே முழங்காலில் நான்.

ஒருநாள் பனியைப் பற்றிச் சொன்னான்.
மார்கழியில் விழுந்தது நிலத்தோடு ஒட்டாமல்
சீனியாய் உதிர்ந்து கிடக்குமாம்.
அதற்கு மேல் தை. அதற்கு மேல் மாசி.
நடக்கிறவனுக்கு வெள்ளை மட்டும்தான் தெரியும்.
"ஒரு ஆளின்ர பாரம் காணும், தங்கச்சி."

போனைக் கவிழ்த்து வைத்தேன் கொஞ்ச நேரம்.

அந்தப் பாரம் எனக்குத் தெரியும்,
கிலோக் கணக்கில்.
பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்,
பள்ளிக்கூடப் பிள்ளையின் கால் போதும் என்று.

அண்ணைக்குச் சொல்லியிருப்பது வேறு:
கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலை,
நான் கொலர் தைக்கிறேன்.

சருகு. கீழே சாம்பல் மணல்.
அதற்கும் கீழே
பதினாறு மாரி குடித்துக் காய்ந்த களி.
பங்குனி வெயிலில் அது கல்.
ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருப்போம்,
இளகாவிட்டால் இன்னொன்று.
அங்கே தண்ணீர் இறங்கினால் மலை நழுவுமாம்.
இங்கே இறங்கினால்தான் என் கை நடுங்காது.

"பன்னிரண்டுக்குப் பிறகு கண்ணை நம்பாதை"
என்பா யோகராணியக்கா.
முகமூடிக்குள் வியர்வை ஓடும்,
கொட்டானும் குழியும் ஒன்றாய்த் தெரியும்.
அண்ணையின் முதலாளியும் அதையேதான் சொல்வானாம்:
இருளோடு ஏறு, வெயிலுக்கு முன் இறங்கு.

போன வியாழன் குரல் வரவில்லை.
இலக்கம் தெரியாமல் வான் ஏறினேன்.
போன்கள் கூடாரத்துப் பெட்டிக்குள், அது விதி.
பதினான்காம் பாதையில், ஒன்பது இருபதுக்கு,
கருவி அழுதது.

தூரிகையால் மண்ணை நகர்த்த
பச்சை விளிம்பு. சப்பாத்துப் பொலிஷ் பேணியளவு.
வீரை வேர் ஒன்று அதைக் கவ்வி
சரித்து வைத்திருந்தது.
வேருக்கும் களிக்கும் நடுவே ஒரு வெடிப்பு.

மீன்வாய், என்று நினைவு வந்தது.
பனி நழுவ முன்னம் மேலே பிளக்குமாம்,
அந்த ஊராட்கள் வைத்த பேர்.
சிலது ஒரு மணித்தியாலத்தில் சரியும்.
சிலது பருவம் முழுக்க
வாயைத் திறந்தபடி இருக்கும்,
உள்ளே புல் தெரிய.

கையை உயர்த்தினேன்.
எல்லோரும் பின்னால் போனார்கள்.

ஒரு மணிக்கு வெடித்தார்கள்.
புழுதி அடங்கும் வரை காடு சும்மா இருந்தது,
பிறகு ஒரு மயில் கத்தியது.
பெட்டியைத் திறந்தேன். மூன்று செய்தி.

"போனிலை சார்ஜ் இல்லாமல் போச்சு."
"இரவு புதுப்பனி. விடியவே மேலை வெடி வைச்சவை,
ஆக்கள் வாறதுக்கு முதல் தாங்களே விழுத்துறதுக்கு."
"சத்தம் கேட்டு நான் மேசைக்குக் கீழை போயிட்டன்.
கையிலை உருளைக்கிழங்கு. எல்லாரும் சிரிச்சவை."

எத்தனை வெடி, என்று கேட்டேன்.
நாலு, என்றான் உடனே.
எண்ணினியோ?
எண்ணாமல்?

இங்கை ஒண்டு, என்று எழுதி அழித்தேன்.
இங்கை சரியான வெயில், என்று அனுப்பினேன்.